நுரைத்த ஆரத்தி

கல்யாணம் நடந்தது புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் பிறந்துவிடும். அண்ணாவும் புது மன்னியும் அவன் கழக்கூட்டத்து வாடகை ஃபிளாட்டின் கதவுக்கு வெளியே மாலையோடு வந்து நின்றபோது பதினொன்று நாற்பத்தைந்து. ஆரத்தி எடுக்காமல் அம்மா உள்ளே விடமாட்டாள். தட்டில் மஞ்சள் கரைத்தாயிற்று. அதைச் சிவப்பாக்கும் சுண்ணாம்பைத்தான் எங்கள் கரமனை வீட்டிலேயே மறந்துவிட்டாள்.

"இந்த பில்டிங்ல வெத்தலை போடறவா யாராவது இருக்காளா?"

"எல்லாரும் ஐ.டி.க்காராளாக்கும். சூயிங்கம் வேணும்னா கிடைக்கும்," என்றான் அண்ணா.

நான் எம்.எஸ்ஸி. வேதியியல். எனக்கு இதைவிட நல்ல முகூர்த்தம் ஏது? மஞ்சள் சிவக்கக் காரம் போதும். அது சுண்ணாம்பாகத்தான் இருக்கவேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. வாஷிங் மெஷின் மேலிருந்த சோப்புத்தூளில் ஒரு கரண்டி போட்டுக் கலக்கினேன். ரத்தச் சிவப்பு! கூடவே விரற்கடை நுரை, லாவண்டர் வாசனை.

"ஆரத்தியாடி இது? துணி ஊறப்போட்ட மாதிரின்னா இருக்கு!" என்றாள் அம்மா.

நுரையை அடக்க எலுமிச்சம்பழம் பிழிந்தேன். நுரை அடங்காமல் பொங்கியது. நிறம் பழையபடி மஞ்சள். வாசலில் மன்னியின் அம்மா முகம் சுருங்கியது.

"பயப்படாதீங்கோ மாமி," என்று ஆரம்பித்தேன். "காரம் பட்டா மஞ்சள்லேர்ந்து ஒரு ஹைட்ரஜன் வெளியே போறது, அதான் சிவப்பு. புளிப்பு பட்டா, போன எடத்துல தரிக்காம பழைய எடத்துக்கே திரும்பி வந்துடறது."

அம்மா கையில் கிள்ளினாள். "பொண்ணு இன்னும் வாசப்படி தாண்டலை. அதுக்குள்ள திரும்பி வர்ற கதையா?"

மாமியோ தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் கொஞ்சம் தூள் போட்டா?"

"மறுபடி சிவக்கும்."

"போடு, நான் பாக்கட்டும்."

சிவந்தது. மாமி கைதட்டினாள். "இப்போ நாரங்கா பிழி." மஞ்சள். "இனி தூள்." எதிர் ஃபிளாட் சேச்சி தன் பங்குக்கு இரண்டு எலுமிச்சம்பழம் கொண்டுவந்தாள். அண்ணா வாட்சைக் காட்டினான். யார் பார்த்தது?

ஒருவழியாகச் சிவப்பில் நிறுத்தி அம்மா தட்டைத் தூக்கியபோது பன்னிரண்டு ஐந்து. ராகுகாலம் முடிகிற ஒன்றரை வரை எல்லோரும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். மன்னி நாத்தனாரான என்னிடம் பேசிய முதல் வார்த்தை:

"பசிக்கறது."