சரஸ்வதிக்கு ஊட்டிய மட்டன் ரோல்

என் மாமா, அம்மாவின் கடைசித் தம்பி, படிக்கவென்று லண்டனுக்கு வந்து பிளேஸ்டோவில் எங்கள் வீட்டுச் சின்ன அறையில் இருந்தார். பகலில் யூனிவர்சிட்டி, இரவில் பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட். இடையில் கிடைக்கிற நேரத்தில் என்னோடு சேர்ந்து ஜப்பான் அனிமே பார்ப்பார். எனக்கு அப்போது எட்டு வயது. அம்மாவின் கணக்கில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வகுப்பு.

எங்களுக்குப் பிடித்த கதையில், ஒரு மாணவனின் ரைஸ் குக்கருக்குள்ளிருந்து ஒரு தேவி வருவாள். அவனுடைய பரீட்சை முடிந்ததும் அவள் வானத்துக்குத் திரும்பிவிட வேண்டும். ஆனால் ஒரு மனிதன் தன் கையால் ஊட்டியதைச் சாப்பிட்டுவிட்டாளோ, பிறகு போக ஏலாது. இங்கேயே இருந்து வாடகை கட்ட வேண்டியதுதான். அந்த மாணவனோ மகா வெட்கக்காரன். கரண்டியைத் தூக்குவான், கை நடுங்கும், சோறு கொட்டிப்போகும்.

“இவனுக்கென்ன விசரோ? ஊட்டனடா!” என்று மாமா ஃபோனைப் பார்த்துக் கத்துவார்.

கத்துவதற்கு அவருக்கு என்ன தகுதி என்பது அந்த வருஷம் நவராத்திரிக்கு நடந்த வாணி விழாவில் தெரிந்தது. எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்து மேடையில் சரஸ்வதியாக அமர, லண்டனிலேயே வேறு பகுதியான வால்தம்ஸ்டோவிலிருந்து ஓர் அக்கா வந்தார். மாமாவுக்குத் திரை இழுக்கிற வேலை. ஒத்திகை நடந்த சனிக்கிழமைகளிலெல்லாம் மாமா திரையை இழுத்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி திரையை இழுத்தார். வாய் மட்டும் திறக்கவில்லை.

“ஒரு ஹலோவாவது சொல்லுங்கோவன் மாமா.”

“சொல்லத்தான் போறன். நீ சும்மா இரு.”

விழா முடிந்தால் அக்கா வால்தம்ஸ்டோவுக்குப் போய்விடுவார். பிறகு எங்கே காண்பது? மாமாவுக்கு அதே கவலை. எனக்கும் பெரிய கவலைதான். ஆனால் என் கவலை அவர் வானத்துக்குப் போய்விடுவாரே என்பது. சரஸ்வதியாக இருக்கப்போவது ஒத்திகைக்கு ஜீன்ஸ் போட்டு வந்த அக்காதான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அனிமே தேவியும் ஜீன்ஸ் போடுகிறவள்தானே!

விழாவன்று மூடிய திரைக்குப் பின்னால் வெள்ளைச் சேலை, கிரீடம், வீணையோடு அவர் அமர்ந்திருந்தார். அட்டையில் செய்த இரண்டு கைகளை முழங்கையோடு சேர்த்துக் கட்டியிருந்ததால் சொந்தக் கையை மடக்க ஏலாது. நாலு கை இருந்தும் மூக்கைச் சொறிய வழியில்லை, பாவம்.

“காலமையிலயிருந்து ஒண்டும் சாப்பிடேல்லை. தலை சுத்துது” என்று அவர் என்னிடம் சொன்னதுதான் தாமதம், நான் மாமாவின் பையைத் தேடி ஓடினேன். இரவு ஷிப்டுக்கென்று அம்மா பேப்பரில் சுற்றி வைத்த ரோல் இருந்தது. கொண்டுவந்து மாமாவின் கையில் திணித்தேன்.

“ஊட்டிவிடுங்கோ. இல்லாட்டி போயிடுவா!”

அது என்ன ரோல் என்று மாமா யோசிக்கவில்லை. அந்த நேரத்தில் செங்கல்லைக் கொடுத்திருந்தாலும் ஊட்டியிருப்பார். கை நடுங்கியது. ஆனால் கொட்டவில்லை. அக்கா ஒரு பெரிய கடி கடித்தார். மெல்லத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். கண் பெருத்தது, நீர் முட்டியது.

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. மாமா கயிற்றடியில் இல்லாததால் மற்றப் பக்கத்திலிருந்து யாரோ திரையை இழுத்துவிட்டார்கள்.

மண்டபம் நிறைய ஆட்கள். மேடையில் கன்னம் உப்பிய சரஸ்வதி, பக்கத்தில் பாதி ரோலோடு மாமா. முன்வரிசையில் இருந்த அம்மாவுக்குத் தன் ரோல் தெரியாதா? முகம் வெளிறிப்போனது. நவராத்திரி மேடையில் ஆட்டிறைச்சி என்று தெரிந்தால் பிறகு தமிழ்ப் பள்ளிப் பக்கம் தலைகாட்ட ஏலுமோ? சட்டென்று எழும்பி, இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்து, “தாயே!” என்று ஒரு சத்தம் போட்டார். நைவேத்தியம் நடக்கிறதாக்கும் என்று மண்டபமே எழும்பிக் கும்பிட்டது. “இந்த முறை நல்லாச் செய்திருக்கினம்” என்று ஒரு மாமி மெச்சினார்.

தேவி விழுங்கினார். சிரித்தும் காட்டினார்.

திரை மூடியதும் மாமா, “சாரி... மட்டன்... ஐயோ, சாரி” என்று உளறினார். அவரோடு பேசிய முதல் வார்த்தைகள் இவைதான். காரமாக்கும் என்று நான் தண்ணீர் எடுக்க ஓடித் திரும்பியபோது அக்கா கேட்டுக்கொண்டிருந்தார்:

“மிச்சத்தையும் தாங்கோ. உங்கட பேர் என்ன?”

எனக்குச் சப்பென்று போய்விட்டது. கல்விக் கடவுளுக்கு ஒரு பெயர் தெரியாதாமா? ஆனாலும் அவர் வானத்துக்குப் போகவில்லை. இரண்டு தெரு தள்ளி, பிளேஸ்டோவிலேயே, என் மாமியாக வாடகை கூடிவிட்டதென்று புலம்பிக்கொண்டு இருக்கிறார்.

மாமி பிறவிச் சைவம். அவர் பிறந்த வீட்டில் முட்டைகூட வாங்க மாட்டார்கள். இன்றும் மாமா இறைச்சி சமைத்தால் வீட்டு ஜன்னல் முழுக்க மாமி திறந்துவிடுவார். அன்றைய முதல் கடி, மரக்கறி ரோல் என்று நினைத்துக் கடித்தது. விழுங்கியது, சபை பார்த்துக்கொண்டிருந்ததால். ஆனால் திரை மூடி, அது மட்டன் என்றும் தெரிந்த பிறகு, மிச்சத்தைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரே!

அந்த எட்டு வயதில் நான் அதைப் பசி என்றுதான் நினைத்தேன்.