மிரியிலிருந்து செனாய்க்கு இரண்டு மணி நேரம்

எனக்கு ஆசிரியர் வேலை சரவாக்கில், மிரி நகரத்தையும் தாண்டிக் காட்டுக்கு உள்ளே ஒரு பள்ளியில் கிடைத்தபோது, சித்தப்பா எங்கள் நியாலாஸ் வீட்டு வாசலில் நின்று சிரித்தார்.

"கடல் தாண்டி பொம்பளப் புள்ளைய அனுப்புறியாண்ணே? நாளைக்கு ஒனக்கு ஒன்னுன்னா யாரு லா வருவா?"

அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். அம்மா இல்லை, நான் ஒரே பிள்ளை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவளும் நான்தான். கைப்பேசியை எடுத்து இருவருக்கும் காட்டினேன்.

"மிரியிலேருந்து செனாய் ஏர்போர்ட்டுக்கு ப்ளேன்ல ரெண்டு மணி நேரம்தான்பா. இங்கேருந்து பஸ்ல கோலாலம்பூர் போறதே அதைவிட லேட்டு."

அப்பாவுக்கு அது போதும். பெம்பான் பாசாரில் யாரைக் கண்டாலும், "எம்மக ரெண்டு மணி நேரத்துல வந்துரும். எனக்குக் கொள்ளி வைக்கப் போறதே அவதான்" என்று சொல்லித் திரிந்தார், சித்தப்பா காதுபடவே. சித்தப்பா பக்கத்துச் சாக்கடையில் காறித் துப்புவார்.

நான் சொன்னது பொய்யில்லை. இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவில் உள்ளதைச் சொன்னேன். பள்ளியிலிருந்து மிரிக்குச் செம்மண் பாதையில் அரை நாள் ஆகும் என்பதையும், செனாயில் இறங்கி மறுபடி காரில் வர வேண்டும் என்பதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்று நியாலாஸில் எவனுக்காவது சமைத்துக்கொண்டிருப்பேன். இப்போது கேட்டாலும் அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் சொல்வேன்.

ஒரு விடியற்காலையில் அப்பா போய்விட்டார். போன் செய்தது சித்தப்பா.

"சாயங்காலத்துக்குள்ள வந்துருவேன். நான் வராம எடுத்துராதீங்க" என்றேன்.

"சரி, வா."

வழியெல்லாம் மழை. வண்டி சேற்றில் சிக்கியபோது இறங்கித் தள்ளினேன். அதே பாவாடையோடு விமானம் ஏறினேன். பறந்த நேரம் முழுக்க, கொள்ளி வைக்கும்போது கை நடுங்கக் கூடாது, சித்தப்பா பார்ப்பார் என்பது மட்டுமே மனதில் ஓடியது.

செனாயில் கைப்பேசியைத் திறந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் வந்து விழுந்தது. மின்சுடலை வாசலில் மொட்டைத் தலையோடு சித்தப்பா. தோளில் பானை, கையில் நெருப்பு.

நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். சித்தப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சாயங்காலம்னு சொன்னேனே?"

"அண்ணன்கிட்ட ரெண்டு மணி நேரம்னு சொன்ன. என்கிட்ட சாயங்காலம்னு சொல்ற. எதை லா நம்புறது?" குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். "மத்தியானம் வரைக்கும் பாத்தோம். வர மனசில்லன்னு எடுத்துட்டோம்."

"படிச்ச புள்ளைக்கு ஸ்கூல்தானே பெருசு" என்றாள் சித்தி. சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர்கூட எனக்குத் தண்ணீர் தரவில்லை.

மறுநாள் சாம்பலைக் கரைக்கச் செர்காம் கடற்கரைக்குப் போனோம். பானையோடு படகில் ஏறப்போன சித்தப்பாவின் கையிலிருந்து அதைப் பிடுங்கினேன்.

"ஏய், பொம்பளப் புள்ள கடலுக்குப் போகக் கூடாது!" என்று சித்தி கத்தினாள்.

"போயிட்டு வர ரெண்டு மணி நேரந்தான் சித்தி" என்றேன். "சித்தப்பா கரையில நின்னு பாக்கட்டும். எனக்கு வர மனசிருக்கா இல்லையான்னு."

கொஞ்ச தூரம் போய்ப் பானையைக் கவிழ்த்ததும் அப்பா சட்டென்று கரைந்துவிட்டார். படகுக்காரர் கரைக்குத் திருப்பப் போனார். வேண்டாம், ரெண்டு மணி நேரம் ஆகட்டும் என்றேன். கரையில் நிழலே இல்லை. அங்கே புதிதாக மழித்த ஒரு தலை வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது.