கிழங்கு உரிக்கப் பிஜிக்குப் போன குடும்பம்

சம்பளம் வாங்குகிற வேலையில் ஒரே ஒரு சூப்பர்வைசர்தான் நம்மைக் கண்காணிப்பார். சம்பளம் இல்லாத தொண்டு வேலையில் பார்க்கிறவர் எல்லாருமே சூப்பர்வைசர்கள். அன்னதானத்தில் சாம்பார் வாளி தூக்கியவர்கள், மருத்துவ முகாமில் டோக்கன் கொடுத்துத் திட்டு வாங்கியவர்கள், அபார்ட்மென்ட் சங்கத்தில் தண்ணீர் லாரிக்குப் பொறுப்பேற்று நிம்மதி இழந்தவர்கள், உங்களுக்கெல்லாம் இதை நான் விளக்க வேண்டியதில்லை. நாங்கள் செய்த ஒரே தப்பு, அதே வேலையைக் குடும்பத்தோடு கடல் தாண்டிப் போய்ச் செய்ததுதான்.

நான் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் நர்ஸ். என் வீட்டுக்காரர் சாமுவேல் வேறொரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிட்டராக இருந்தார். அவர் இருந்த லைனை மூடி, விருப்ப ஓய்வு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். விருப்பம் யாருடையது என்று யாரும் சொல்லவில்லை. மனிதர் வீட்டில் உட்கார்ந்து ஒரே வாரத்தில் மூன்று முறை மிக்சியைக் கழற்றி மாட்டினார். மிக்சி நன்றாகத்தான் இருந்தது. அந்தச் சமயத்தில்தான் எங்கள் சர்ச்சுக்குத் தெரிந்த ஒரு சேவை அமைப்பு, பிஜி நாட்டில் ஒரு சின்னத் தீவுக் கிராமத்தில் ஒரு வருஷம் தங்கி உதவி செய்ய ஒரு குடும்பம் வேண்டும், நர்சும் மெக்கானிக்கும் இருந்தால் நல்லது என்று கேட்டது. பதினொரு வயதான எங்கள் மகள் ஜெனி உலகப் படத்தில் அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, இது தீவா அல்லது அச்சடிக்கும்போது தெறித்த மையா என்று கேட்டாள். அதற்குள் இவர் ஸ்பேனர்களை எண்ணெய் போட்டுத் துடைக்க ஆரம்பித்திருந்தார்.

லீவு லெட்டர்

ஒரு வருஷம் சம்பளமில்லா விடுப்பு கேட்டு நான் எழுதிய கடிதம் மேனேஜர் கைக்குப் போவதற்கு முன்னால் கேன்டீன் முழுக்கப் போய்விட்டது. அசெம்பிளி லைனில் வேலை செய்யும் செல்வி, கையில் வெட்டுக்காயம் என்று வந்தவள், கட்டுப்போட்ட பிறகும் எழுந்து போகவில்லை. யார் கூப்பிட்டார்கள், எவ்வளவு தருவார்கள், ரூம் கொடுப்பார்களா, பஸ் உண்டா என்று வரிசையாக விசாரித்தாள். தங்க இடமும் சாப்பாடும் மட்டும்தான், கையில் ஒரு பைசா கிடையாது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, கடைசி நம்பிக்கையாகக் கேட்டாள்:

"சம்பளம் இல்லன்ற, சரி. சிஸ்டர், ஓ.டி. துட்டாச்சும் கீதா?"

நாக்கு எங்கே?

அந்தத் தீவுக் கிராமத்துக்கு யார் போனாலும் முதலில் ஒரு கட்டு வேரைக் கொண்டுபோய் ஊர்த் தலைவர் முன்னால் வைத்து, உள்ளே வரலாமா என்று கேட்க வேண்டும். அந்த வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்துக் கொட்டாங்குச்சியில் தருவார்கள். ஒரு முறை கை தட்டி, வாங்கி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மூன்று முறை கை தட்ட வேண்டும். பார்ப்பதற்குச் செம்பரம்பாக்கம் ஏரியில் புது வெள்ளம் வந்தபோது எடுத்த தண்ணீர் மாதிரி இருந்தது. தலைவர் ஜோசபா கல்தூண் மாதிரி ஆள். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இவரிடம் நீட்டினார். சர்ச்சில் திருவிருந்துத் திராட்சை ரசத்தையே உதட்டில் ஒற்றிக்கொள்கிற இவர், மரியாதைக்காகக் கடகடவென்று குடித்துவிட்டார்.

இரண்டு நிமிஷத்தில் என் பக்கம் சாய்ந்து, நாக்கு இருக்கிறதா பார் என்றார். உதடு மரத்துப் போய்விட்டதாம். எனக்குள் இருந்த நர்ஸ் விழித்துக்கொண்டாள். ஒவ்வாமையோ என்று பயந்து, சபை நடுவில் இவர் வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து, நாடி பார்த்து, பையிலிருந்து ஊசியைக்கூட எடுத்துவிட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த இருபது பேரும் ஏதோ சடங்கு நடக்கிறது என்பது போல மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேர் எல்லாருக்கும் அப்படித்தான் மரத்துப்போகச் செய்யும் என்று அப்புறம்தான் தெரிந்தது. ஜோசபா இன்னொரு கொட்டாங்குச்சியை நிரப்பி, இந்த முறை என்னிடம் நீட்டினார்.

"மருந்து அவருக்கு வேண்டாம் சிஸ்டர். பயந்தது நீங்கள், நீங்கள் குடியுங்கள்."

தலையில் கை

அங்கே ஒருவர் தலையை இன்னொருவர் தொடக்கூடாது. தலைவர் தலை என்றால் நினைத்தே பார்க்கக்கூடாது. இதை எங்களுக்குக் கொடுத்த கையேட்டின் எட்டாம் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். நான் ஆறாம் பக்கத்தில் இருந்தபோது ஜோசபாவுக்குக் காய்ச்சல் என்று கூப்பிட்டார்கள். இருபது வருஷப் பழக்கம். போனதும் நெற்றியில் உள்ளங்கையை வைத்து, அப்படியே உச்சந்தலை வரை தடவிப் பார்த்தேன். அறையில் இருந்தவர்கள் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் மனைவி லிதியா பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன செய்தேன் என்று புரிந்தபோது கையை எடுக்கவும் தோன்றவில்லை, வைத்திருக்கவும் தைரியம் இல்லை. ஜோசபா கண்ணை மூடியபடியே சொன்னார்:

"என் அம்மாவுக்குப் பிறகு இந்தத் தலையில் கை வைத்த ஆள் நீங்கள்தான். காய்ச்சல் எவ்வளவு என்றாவது சொல்லிவிட்டு எடுங்கள்."

டியூட்டி சார்ட்

ஊருக்கு மழைநீர்த் தொட்டிதான் குடிதண்ணீர். தொட்டியிலிருந்து வரும் குழாய்கள் அங்கங்கே ஒழுகின. இவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பதினைந்து வருஷம் கம்பெனியில் கற்றதையெல்லாம் இறக்கி, எந்த நாள் யார் எந்தக் குழாயைப் பார்ப்பது, யார் கையெழுத்துப் போடுவது என்று மூன்று நிறப் பேனாவில் ஒரு சார்ட் எழுதி, ஊர்க் கூடத்தின் சுவரில் ஒட்டினார். எல்லாரும் வந்து பார்த்தார்கள். அழகாக இருக்கிறது என்றார்கள். அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை ஒருவரும் வரவில்லை. செவ்வாய் முதல் வெள்ளி வரையும் வரவில்லை. இவர் தினமும் காலையில் கூடத்தில் தனியாக உட்கார்ந்து, ஆப்சென்ட் போட்டுக்கொண்டிருந்தார். மனசு விட்டுப்போய், நம் ஊருக்கே திரும்பிவிடலாமா என்று என்னிடம் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார். சனிக்கிழமை காலையில் கதவைத் திறந்தால், குழாய் இன்னும் ஒழுகுகிறதே என்று ஊரே வாசலில் நிற்கிறது. ஆண்கள் மண்வெட்டியோடு, பெண்கள் சமையல் பாத்திரத்தோடு. மதியச் சாப்பாட்டுக்குள் அத்தனை குழாயும் சரியாகிவிட்டது. பிறகு ஏன் ஐந்து நாள் வரவில்லை என்று இவர் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார். லிதியா உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள்.

"சுவரில் எழுதிவிட்டீர்களே, வேலை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தோம்."

மச்சினர் போன்

அங்கே சாயங்காலம் என்றால் இங்கே மதியம். ஞாயிறுதோறும் சாப்பாட்டு நேரத்தில் என் மச்சினர் மறைமலை நகரிலிருந்து வீடியோ கால் போடுவார். அவருக்கு நீலக் கடல் பார்க்க வேண்டும், வெள்ளை மணல் பார்க்க வேண்டும். எனக்கோ அந்த நேரத்தில் அடுப்படியில் மரவள்ளிக் கிழங்குத் தோல் உரிக்கிற வேலை. காலையில் கிழங்கு, மதியம் கிழங்கு, மாலையில் தேங்காய்ப்பாலில் வேகவைத்த சேம்பு இலையோடு மறுபடியும் கிழங்கு. கடலில் கால் நனைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆறாவது ஞாயிறும் போனில் கிழங்கையே பார்த்த மச்சினர், பொறுமை இழந்துவிட்டார்.

"இத்த உரிக்கறதுக்கா அண்ணி ஏரோப்ளேன் ஏறிப் போனீங்கோ? நம்ம மார்க்கெட்ல மூட்ட மூட்டயா கீது."

ஊர் சுற்றிய குக்கர்

நான் ஒரகடத்திலிருந்து ஐந்து லிட்டர் குக்கர் கொண்டுபோயிருந்தேன். முதல் விசில் வந்த அன்று, படகு கிளம்புகிறது என்று நினைத்து இரண்டு பேர் மூட்டையோடு கரைக்கு ஓடினார்கள். மறுநாள் லிதியா வந்து அதைக் கேட்டாள். அங்கே ஒருவர் ஒரு பொருளைக் கேட்டால் இல்லை என்று சொல்வது பெரிய அவமரியாதை. கொடுத்தேன். அவளிடம் அவள் நாத்தனார் கேட்டாள், நாத்தனாரிடம் பக்கத்து வீடு கேட்டது. மூன்று மாதம் என் குக்கரின் விசில் சத்தம் ஊரின் எல்லாத் திசையிலிருந்தும் வந்தது, என் வீட்டிலிருந்து மட்டும் வரவில்லை. ஜெனி, இன்று குக்கர் யார் வீட்டில் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள்.

கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் பருப்பு வேகாத எரிச்சலில் லிதியாவிடம் போய்த் தயங்கித் தயங்கி, அந்தக் குக்கர் இப்போது யாரிடம் இருக்கிறது என்றேன். அவள் ஓடிப்போய் ஐந்தே நிமிஷத்தில் கொண்டுவந்தாள். கூடவே ஒரு பாய், இரண்டு மீன். கொடுக்கத் தெரிந்த எனக்குக் கேட்கத் தெரியவில்லை என்பதுதான் அவளுக்குப் பெரிய மனக்குறை.

"மூன்று மாதமாக நீங்கள் எதையுமே கேட்கவில்லை, எங்கள் மேல் கோபமோ என்று ஊரே கவலைப்பட்டோம்."

கடைக்காரரின் முருகன்

மாதம் ஒருமுறை பெரிய தீவுக்குப் படகில் போய்ச் சாமான் வாங்குவோம். பருப்பு வாங்கிய கடையின் முதலாளி பெயர் ராஜு. கரும்பு வெட்டப் போன தமிழர்களின் பேரப்பிள்ளை. நானும் இவரும் துவரம்பருப்பா பாசிப்பருப்பா என்று சண்டை போட்டதைக் கேட்டு, கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார். தமிழ் பேச வராது. ஆனால் குடும்பத்தில் வழிவழியாக வந்த முருகன் வேண்டுதல் மட்டும் மனப்பாடம். சரியாக இருக்கிறதா பாருங்கள் என்று இங்கிலீஷும் இந்தியுமாகக் கேட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு "வேலு மைலு தொனே" என்றார்.

நான் சர்ச்சுக்குப் போகிறவள்தான், ஆனால் வல்லக்கோட்டை முருகன் கோயில் ஒலிபெருக்கி எட்டுகிற தூரத்தில் வளர்ந்தவள். வேலும் மயிலும் துணை என்று பிரித்துப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தேன். அர்த்தமும் சொன்னேன். மூன்று முறை சரியாகச் சொன்னார், கண்கூடக் கலங்கியது. பருப்போடு ஒரு பொட்டலம் மஞ்சள்தூளைச் சும்மா வைத்துக் கட்டினார். வாசல் வரை வந்த பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"நீங்கள் சொன்னதுதான் சரி சிஸ்டர், ஆனால் நாங்கள் பழையபடியே கூப்பிடுகிறோம். திடீரென்று மாற்றினால் வேறு யாரோ கூப்பிடுகிறார்கள் என்று முருகன் நினைத்துக்கொள்வார்."

பெனியின் கால்

பெனி, அந்த ஊர் சர்ச்சில் பாடகர் குழுவின் தலைவர். அடிக்குரலில் அவர் பாடினால் பலகைச் சுவர் அதிரும். ஒரு நாள் பாட்டுப் பயிற்சியில் எல்லாரும் பாயில் உட்கார்ந்திருந்தபோது, அவர் இடுப்புத் துணியை இழுத்து இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டே இருந்தார். ஈக்கள் அங்கேயே மொய்த்தன. பயிற்சி முடிந்ததும் பிடிவாதமாகத் துணியை விலக்கிப் பார்த்தேன். வலது காலில் இரண்டாவது விரல் கறுத்திருந்தது. சர்க்கரையைப் பார்த்தால், அளவு எக்கச்சக்கம். உடனே பெரிய தீவு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். அவர் முடியாது என்றார். அவர் அண்ணன் இதே போலப் படகேறிப் போய், முழங்காலுக்குக் கீழே இல்லாமல் திரும்பி வந்து, அந்த வருஷமே இறந்துபோனாராம்.

நான் செய்யக்கூடாததைச் செய்தேன். போனில் படங்களைக் காட்டி, இப்படியே விட்டால் உயிர் போய்விடும் என்று மிரட்டினேன். அதற்கப்புறம் நான்கு நாள் என்னைக் கண்டால் அவர் தோட்டத்துப் பக்கமாக மறைந்துவிட்டார். லிதியாவிடம் போய் அழுதேன். நீங்கள் அவரைத் தனியாகப் போகச் சொன்னீர்கள், இங்கே யாரும் எங்கேயும் தனியாகப் போவதில்லை என்று மட்டும் சொன்னாள். மறுநாள் காலையில் கரைக்குப் போனால், படகில் பெனி உட்கார்ந்திருக்கிறார். அவரைச் சுற்றிப் பாடகர் குழு பதினொரு பேர், பாய்கள், ஒரு பானைக் கிழங்கு. இத்தனை பேரை வார்டில் விட மாட்டார்கள் என்றேன். எனக்கு உட்கார இடம் விட்டு நகர்ந்துகொண்டார்கள்.

வார்டில் விடத்தான் இல்லை. ஜன்னலுக்கு வெளியே மாமரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் அவர்கள் வெளியே பாட, உள்ளே கட்டிலில் படுத்தபடி பெனி அடிக்குரல் சேர்த்தார். ஒரகடத்தில் பிரஸ் மெஷினில் நசுங்கிய கைகளுக்குக் கலங்காமல் கட்டுப்போட்ட நான், வராந்தாத் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஒரு விரலை மட்டும் எடுத்தார்கள். பாதம் தப்பியது. மயக்கம் தெளிந்ததும் என்னைக் கூப்பிட்டு, போர்வையை விலக்கி அவரே எண்ணிப் பார்த்தார்.

"தாளம் போட ஒன்பது போதும் சிஸ்டர். பத்தாவது எப்போதுமே கொஞ்சம் பிந்தித்தான் வரும்."

படிவம்

கிளம்புவதற்கு முந்தின நாள், சேவை அமைப்பின் படிவத்தில் ஊர்த் தலைவரின் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. பயன் பெற்றவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கட்டம். நான் பிபி பார்த்தவர்கள், இவர் குழாய் போட்ட வீடுகள், ஜெனி படிக்கச் சொல்லிக் கொடுத்த பிள்ளைகள் என்று மனசுக்குள் கூட்டி, எப்படியும் நூற்றுக்கு மேல் எழுதுவார் என்று பெருமையாகக் காத்திருந்தேன். ஜோசபா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கேள்வியை இரண்டு முறை படித்துவிட்டு, அந்தக் கட்டத்தில் '3' என்று எழுதினார். கை தவறிவிட்டதோ என்று விரலால் காட்டினேன்.

"சரியாகத்தான் எழுதினேன். நீங்கள், உங்கள் வீட்டுக்காரர், உங்கள் பெண். மூன்று பேருக்கும் வேண்டியதை ஒரு வருஷமாக நாங்கள்தானே பார்த்துக்கொண்டோம்."

ஆகவே, தொண்டு செய்யக் கிளம்புகிற குடும்பங்களுக்கு என் அனுபவத்தில் சொல்ல ஒரே ஒரு தகுதிதான் இருக்கிறது: போடுகிற கிழங்கை மிச்சம் வைக்காமல் சாப்பிடத் தெரிந்திருக்க வேண்டும்.