மில்லில் போட்ட கடைசிக் காலம்

எங்கள் மில்லில் தீபாவளி போனஸ் கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஜன்னல் உண்டு. முதல் ஜன்னலில் பணத்தை வாங்கி, நாலடி நகர்ந்து, இரண்டாவது ஜன்னலில் திருப்பிக் கொடுப்போம். அதற்கு டெபாசிட் என்று பெயர். தபால் ஆபீசைவிட வட்டி அதிகம். கோயம்புத்தூர் கணபதியில் எங்கள் லைன் வீடுகளில் எல்லோரும் அப்படித்தான் போட்டோம். ரசீதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்போம். அவ்வளவு புத்திசாலிகள் நாங்கள்.

நான் நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங்கில் வேலை பார்த்தேன், என் வீட்டுக்காரர் நூற்புப் பிரிவில். எங்களுக்குப் பிள்ளை இல்லை. 1960-களில், அவர் வயதாகி வேலையை விட்டபோது கைக்கு வந்த பிராவிடண்ட் பணம்தான் எங்கள் கடைசிக் காலத்துச் சோறு.

"அம்மணி, பாதியாச்சு போஸ்டாபீசுல கெடக்கட்டும்" என்றார்.

"ஏனுங்க, உங்க தங்கச்சி கண்ணாலத்துக்குப் போஸ்டாபீசுக்காரரா வந்தாருங்க? மொதலாளி வந்து நின்னாருங்க. அவரு எங்கீங்க ஓடிப்போயிருவாரு?"

அவர் பணத்தை என் கையில் கொடுத்துவிட்டார். என் வாய்க்கு முன்னால் யார் நிற்க முடியும்? முழுப் பணத்தையும் இரண்டாவது ஜன்னலில் நான்தான் கொடுத்தேன். என் சம்பளமும் அதே மில், சேமிப்பும் அதே மில். அது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு திங்கட்கிழமை மில் சங்கு ஊதவில்லை. ஓடிப் போய்ப் பார்த்தால் கேட்டில் பூட்டும் நோட்டீசும் தொங்கின. ரசீதை எடுத்துக்கொண்டு தினமும் போனேன். ஒரு நாள் ஆபீஸ் குமாஸ்தா வெளியே வந்தார்.

"மில்லுக்குக் கடன் குடுத்த பேங்குக்காரங்களுக்குக் குடுத்த பொறவுதானுங்க உங்களுக்கு. மிச்சமிருந்தாப் பாக்கலாமுங்க."

அவ்வளவு மரியாதையாக யாரும் என் வயிற்றில் அடித்ததில்லை.

முதலில் என் தோடு போனது, பிறகு பித்தளைப் பாத்திரங்கள். வாடகை பாக்கி நின்றது. சாகும்வரை எதைத் தின்பது என்ற ஒரே கேள்விதான் அடுப்பங்கரையிலும் படுக்கையிலும். ஒரு வார்த்தை அவர் திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். அவர் திட்டவே இல்லை. அந்தப் பாவி மனுசனின் பொறுமையை என்னால் தாங்க முடியவில்லை.

பீளமேட்டுப் பக்கம் ஒரு மில்லில் பதிலி ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டோம். மறுநாள் விடிவதற்குள் அவர் குளித்துவிட்டு, என் கண்மைச் சிமிழை நீட்டினார்.

"இதத் தலைக்குப் பூசியுடு அம்மணி. நரையப் பாத்தா கேட்டுலயே தொரத்திப்போடுவாங்க."

மையை விளக்கெண்ணெயில் குழைத்து, காதோரம் முதல் பிடரிவரை பூசினேன். பஞ்சுத் தூசி தின்ற நெஞ்சு. குனிந்திருந்தவர் இருமிக்கொண்டே இருந்தார்.

"நாப்பத்தஞ்சுன்னு சொன்னா நம்புவாங்களா?"

"நம்புவாங்கங்க" என்றேன்.

காலரில் பட்ட கறையைத் துடைத்துவிட்டு, அவர்கள் முன்னால் மட்டும் இருமாமல் நிற்கச் சொல்லி அனுப்பினேன்.