தம்பி கொடுத்த ரத்தம்

கிரேன்காரருக்கு நோயாளிகளைக் கண்டால் ஆகாது. யாராவது இருமினால், "நேரத்துக்குத் தூங்கியிருந்தா இருமல் வருமா?" என்பார். கூட வேலை பார்க்கிறவருக்கு முதுகு பிடித்துக்கொண்டால், உட்காரும் விதத்தைப் பற்றிப் பாடம் நடத்துவார். உடம்பு கெட்டால் ஆள் எங்கோ சறுக்கியிருக்கிறான் என்பது அவர் கட்சி. ஐம்பதைத் தாண்டியும் சரக்குக் கிடங்கின் உயரமான கிரேன் அவர் கையில்தான் இருந்தது. அந்தப் பெருமையில் வீட்டில் ஒருத்தரும் நிம்மதியாகத் தும்ம முடியாது.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒருநாள் கிரேன் ஏணியில் பாதி ஏறும்போது தலை சுற்றியது. கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகு மேலே போனார். வருடாந்திர மருத்துவப் பரிசோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. சர்க்கரை, அது இது என்று ஏதாவது வந்துவிட்டால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள். அதுகூடப் பரவாயில்லை. இத்தனை வருடம் ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு இனி யார் முகத்தில் விழிப்பது?

கண்ணையும் காதையும் அவரே போய்க் காட்டினார். ரத்தம் எடுப்பது மட்டும் வேறொரு நாளில், வெளியிலிருந்து வரும் ஆட்கள் செய்கிற வேலை. கூட்டம் முண்டியடிக்கும். பேரைச் சொல்லிக் கையை நீட்டினால் ஊசி இறங்கும், முகத்தை யார் பார்க்கிறார்கள்? அவர் தம்பியைக் கூப்பிட்டார்.

தம்பி பக்கத்துத் தெருவில் சைக்கிள் கடை வைத்திருப்பவன். பெண் பார்த்தது முதல் கடைக்கு இடம் பிடித்தது வரை எல்லாம் அண்ணன் ஏற்பாடு. மறுபேச்சு பேசிப் பழக்கமில்லை.

"எனக்குப் பதிலா நீ போய் ரத்தம் குடுத்துட்டு வா. உனக்குத்தான் ஒரு கெட்ட பழக்கமும் கிடையாதே."

"சரிண்ணே. வெறும் வயித்தோட போகணுமா?"

ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனான், கையை நீட்டினான், பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே வந்து கடையைத் திறந்தான்.

சில நாளில் கிடங்கின் டாக்டரம்மா கிரேன்காரரைக் கூப்பிட்டனுப்பினார். "கிட்னி சரியா வேலை செய்யல. இதோட மேல ஏற வேண்டாம். இந்த வாரமே பெரிய டாக்டரைப் பாருங்க."

கிரேனிலிருந்து இறக்கி வாசலில் லாரிகளுக்குச் சீட்டுக் கொடுக்கும் வேலையில் உட்கார வைத்தார்கள். அவர் நேராகத் தம்பி வீட்டுக்குப் போய் எரிந்து விழுந்தார். "அப்படி என்னத்தடா தின்னு தொலைச்ச? உன்னை நம்பி அனுப்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "மன்னிச்சிருங்கண்ணே."

அவன் மனைவியும் கதவருகே நின்று கண்ணைத் துடைத்தாள். "எங்களால உங்க வேலை போச்சே மாமா."

இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது? கெட்டுப்போனது யாருடைய கிட்னி என்று அங்கே ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கிரேன்காரர் வீட்டில் சாவு விழுந்த மாதிரி இருந்தது. ஆனால் துக்கம் முழுக்க அவருடைய வேலைக்குத்தான். தம்பியிடம் முகம் கொடுத்துப் பேசுவதையே விட்டுவிட்டார். எதிரே வந்தால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போனார்.

கடைசியில் அவர் மனைவிதான் வழி சொன்னாள். "போனது போயிடுச்சு. இனிமே பயந்து என்ன ஆகப்போகுது? இன்னொரு தடவை எடுக்கச் சொல்லி, உங்க ரத்தத்தையே குடுத்துப் பாருங்களேன்."

கொடுத்தார். இந்த முறை டாக்டரம்மா தன் கண் முன்னாலேயே எடுக்க வைத்தார். ஒரு குறையும் இல்லை, சர்க்கரைகூட இல்லை. காலையில் சாப்பிடாமல் ஏணி ஏறியதுதான் தலைசுற்றலுக்குக் காரணம்.

"முதல்ல வந்தது யாரோட ரத்தமோ மாறியிருக்கு" என்றார் டாக்டரம்மா. "நீங்க தப்பிச்சீங்க. அந்த ஆள்தான் பாவம்."

"ஆமாங்க, பாவம்" என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தார் கிரேன்காரர்.

கால் தரையில் பாவவில்லை. திரும்ப கிரேனில் ஏறச் சொல்லிவிட்டார்கள் என்று வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னார். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். கையுறையை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். நாலு படி ஏறியிருப்பார், 'அந்த ஆள்' யார் என்று உறைத்தது. கை கம்பியிலேயே ஒட்டிக்கொண்டது. தலை சுற்றவில்லை, சுற்றியிருந்தால் தேவலை என்றிருந்தது. கூடப் பிறந்தவனை ஒரு சோதனைக் குழாய்க்கு மேல் நினைக்கவில்லையே என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது. இறங்கி, மேற்பார்வையாளரிடம் ஏதோ சாக்குச் சொல்லிவிட்டுச் சைக்கிள் கடைக்கு ஓடினார்.

தம்பி சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தான். முகம் ஊதிப்போயிருந்தது. இது எத்தனை நாளாக? தெருவைக் கடந்து போனவருக்கு எப்படித் தெரியும்?

"வாங்கண்ணே. திரும்ப கிரேன்ல ஏத்திட்டாங்களாமே. அண்ணி சொன்னாங்க." அவன் முகத்தில் நிஜமான சந்தோஷம்.

"டேய், அன்னைக்கு அவங்க பாத்தது உன் ரத்தம்டா."

"தெரியும்ணே."

"தெரியுமா?"

"நீங்க வந்து சத்தம் போட்டதுக்கு மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாத்திரை குடுத்திருக்காங்க. உப்பைக் குறைக்கச் சொன்னாங்க. கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்னாங்க."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"என்னால வேலை போச்சுன்னு வருத்தத்துல இருந்தீங்க. அதுக்கு மேல இதையும் எப்படிண்ணே வந்து சொல்றது?"

அவன் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். பஞ்சர் ஒட்டும் பலகையில் அப்படியே உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. வாழ்க்கையில் கேட்டுப் பழகாத வாய்.

"அடுத்து எப்ப போகணும்?" என்று மட்டும் கேட்டார்.

"வியாழக்கிழமை."

"நானும் வர்றேன்."

தம்பி சக்கரத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் யோசித்தான். "வேண்டாம்ணே. இப்பத்தான் திரும்ப ஏத்தியிருக்காங்க. அதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு லீவு கேட்டீங்கன்னா, உங்களுக்குத்தான் உடம்பு சரியில்லன்னு நினைச்சுடப் போறாங்க."