பதினாறு குறிப்புகள்

என் தங்கை பல் மருத்துவமனை ஒன்றில் நாள் முழுக்க டோக்கன் கொடுப்பவள். மிச்ச நேரத்தில் குழந்தைகளுக்குப் படப்புத்தகம் எழுதுகிறாள். எழுத்து மட்டும்தான், படம் போட வராது. நேரே அனுப்பினால் பதிப்பகத்தார் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லையாம், நடுவில் ஒரு ஏஜெண்ட் வேண்டுமாம். அந்த ஏஜெண்டைத் தேடித்தான் மூன்று வருடமாக என் உயிரை வாங்குகிறாள்.

கதை மொத்தமே பதினாறு வரி. "கட்டிலுக்கு அடியில் யாரும் இல்லை. கட்டில்தான் கொஞ்சம் உயர்ந்திருக்கிறது. குளியலறையில் யாரும் இல்லை. தொட்டித் தண்ணீரைத்தான் காணோம்." இப்படியே போகும். ஒளிந்திருப்பது யானை. அந்தச் சொல் கதையில் எங்கும் கிடையாது, படத்தில்தான் வரவேண்டும்.

பத்தொன்பது ஏஜெண்டுகள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 'கதையில் ஒன்றும் நடக்கவில்லையே' என்று ஒருவர் நான்கே நிமிடத்தில் பதில் போட்டார்.

"இதெல்லாம் எவனுக்குடி புரியும்? படத்துல என்ன வரணும்னு பக்கத்துல ஒரு குறிப்பு எழுதித் தொலையேன்" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"எழுதிட்டா அப்புறம் கண்டுபிடிக்க என்ன இருக்கு?" என்றாள். பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம்.

இருபதாவது ஏஜெண்டுக்குக் கதை அனுப்பக் கடைசி நாளன்று மருத்துவமனையில் ஒரே கூட்டம். போனில் கூப்பிட்டாள். "அக்கா, நீயே அனுப்பிடு. இதுவும் சரிவரலைன்னா இனிமே நான் எழுதல."

குரலில் கோபமே இல்லை. உட்கார்ந்தேன். 'இங்கே யானையின் முதுகு', 'இங்கே தும்பிக்கை' என்று பதினாறு வரிக்கும் குறிப்பு எழுதி அனுப்பிவிட்டேன்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. தங்கை சத்தமாகப் படித்தாள். "கதை பிடித்திருக்கிறது. குறிப்புகளை எடுத்துவிட்டு மறுபடி அனுப்புங்கள், நான் எடுத்துக்கொள்கிறேன். யானையை நானே கண்டுபிடித்திருப்பேன், நீங்கள்தான் விடவில்லை."

நிமிர்ந்து பார்த்தாள். "எந்தக் குறிப்பு?"

சொன்னேன். "இதுவும் திரும்பி வந்தா நீ எழுதுறத விட்டுடுவியோன்னு பயந்துட்டேன்."

கத்துவாள் என்று காத்திருந்தேன். நான் அனுப்பியதைத் திறந்து பதினாறையும் ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"அக்கா, அது யானைன்னு நான் உன்கிட்ட சொன்னதே இல்லையே."

"படிச்சா தெரியாதா?" என்றேன் எரிச்சலாக.