ஸ்கூட்டர் சீட்டில் பிறந்த எழுத்து

எழுத்துரு வரைவது என் தொழில். போன வருடம் நான் வரைந்த அலங்கார எழுத்தைப் பார்க்கிறவர்கள், கோலத்திலிருந்து எடுத்தீர்களா, கோயில் தூணிலிருந்தா என்று கேட்கிறார்கள். என் அக்காவின் ஸ்கூட்டர் சீட்டிலிருந்து என்றால் நம்புவதில்லை.

திருவொற்றியூரில் அக்கா வீடு இருந்தது கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையில். காலையில் துடைத்த வண்டியில் மதியத்துக்குள் தூசி படிந்துவிடும். அக்காவுக்கும் மாமாவுக்கும் வேறுவேறு ஷிப்ட், வண்டி ஒன்றுதான். சண்டை வந்தால் இருவரும் பேச மாட்டார்கள், போனையும் எடுக்க மாட்டார்கள். சொல்ல வேண்டியதைச் சீட்டுத் தூசியில் விரலால் எழுதிவிடுவார்கள். 'கேஸ் தீந்துட்சி.' 'உங்கம்மா வந்தாங்க.' அடுத்து வண்டி எடுப்பவர் அதைத் துடைத்துவிட்டுத்தான் உட்கார முடியும். பாதிக் கோபம் அதிலேயே போய்விடும்.

மாமாவின் எழுத்தில் எனக்கு ஆசை விழுந்தது. விரல் அழுந்தும் இடத்தில் அகலம், வளையும் இடத்தில் ஒதுங்கிய தூசியால் ஒரு மெல்லிய கரை. படமெடுத்து ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்தேன். கிடைக்காததை எழுதித் தரச் சொன்னால் பரீட்சை எழுதுகிறவர் மாதிரி விறைத்துக்கொண்டார்.

"சண்ட வந்தாத்தான் மச்சான் கை ஓடுது," என்று சிரித்தார். நானும் வெட்கமில்லாமல் சண்டைக்குக் காத்திருந்தேன்.

வந்த சண்டை சிரிக்கிற மாதிரி இல்லை. அந்தத் தூசியில் அக்காவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்திருந்தது. வீடு மாற்றலாம் என்று கேட்டுக் கேட்டு அலுத்தாள். மாமா வேலையைக் காரணம் சொல்லித் தட்டிக் கழித்தார். ஒருநாள் அவள் வண்டியோடு ராயபுரத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"இனிமே அந்த வூட்டுக்குப் போமாட்டேன்டா. நீயும் இன்னா ஏதுன்னு கேக்காத."

வண்டி வாசலிலேயே நின்றது. மேலே தூசி ஏறியது. இவர்கள் பிரிந்துவிடுவார்களோ என்று எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

ஒரு காலை மாடியிலிருந்து பார்த்தேன். மாமா வண்டியருகே குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். மேலே வராமலே போய்விட்டார். எனக்கு அப்போது 'ஞ' ஒன்றுதான் பாக்கி. போனைத் தூக்கிக்கொண்டு இறங்குவதற்குள் அக்கா முந்திவிட்டாள். வெகுநேரம் படித்தாள். பிறகு உள்ளங்கையால் மெதுவாகத் துடைத்தாள்.

"இன்னாக்கா எழுதியிருந்தாரு?"

"ஞாயித்துக்கெயம வூடு பாக்கப் போலாம்னு. எனக்குத்தான் எழுதுனாரு, உன் கம்ப்யூட்டருக்கு இல்ல."

எனக்கு வேண்டிய ஞ அந்தக் கைக்கு அடியில் போனது. துளியும் வருத்தமில்லை. அதை நானே வரைந்து சேர்த்தேன். உற்றுப் பார்த்தால் தெரியும், அது மட்டும் கொஞ்சம் சுத்தமாக இருக்கும்.

இப்போது அவர்கள் இருக்கும் தெருவில் லாரி வராது. சீட்டில் எழுதத் தூசியில்லை, சண்டையை வாயால்தான் போட வேண்டியிருக்கிறது. அக்கா மூச்சு வாங்காமல் திட்டுகிறாள்.